கனகாம்பரம் வெடிக்கும் சத்தம்

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை இரவு நாகலூரிலிருந்து மாமா போன் செய்தார். "நேற்று சாயங்காலம் நல்ல மழை. அடுத்த வாரக் கடைசியில் குழந்தையை அழைத்துக்கொண்டு வந்துவிடு" என்றார். அவ்வளவுதான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

மாசி முழுவதும் காப்பிச் செடியின் மொட்டுகள் கணுக்களில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். எத்தனை வெயில் அடித்தாலும் திறக்காது. ஒரு நல்ல மழை நனைத்துவிட்டால், அதிலிருந்து எட்டு முதல் பத்து நாட்களுக்குள் ஒரே விடியலில் தோட்டம் முழுவதும் பூத்துவிடும். அதன் பிறகு இரண்டு, மூன்று நாள்தான் பூவின் ஆயுள். பூவை எழுப்புகிற மழை என்று என் தாத்தா சொல்வார். சேர்வராயன் மலைக்கு 1820களில் காப்பியைக் கொண்டுவந்தவர் அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அதன் பிறகு இந்த மலையில் எத்தனையோ தலைமுறைகளுக்குக் காப்பிதான் சோறு போட்டது. என் அம்மாவைப் பெற்றவர்களுக்கும் அதுதான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மகளுடன் ஏறினேன். அவளுக்கு ஒன்பது வயது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டு வந்தாள். ஏற்காட்டில் இறங்கி வேறு பஸ் மாறி நாகலூர் போய்ச் சேரும்போது இன்னும் பனி விலகவில்லை. தோட்டம் கண்ணில் படுவதற்கு முன்பே மணம் வந்து முகத்தில் மோதியது. மல்லிகையின் சாயலில் இருக்கும் மணம். ஆனால் மல்லிகையைவிட ஈரம் கூடியது.

சில்வர் ஓக் மரங்களின் நிழலில் ஒவ்வொரு கிளையிலும் கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்து. "அப்பா, கிளைக்கெல்லாம் யாரோ பூக் கட்டிவிட்டிருக்கிறார்கள்" என்றாள் மகள். பூக் கட்டும் வீட்டுப் பெண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பூ உங்களுக்கும் எனக்கும் ஒன்று போலவே தெரியும், இல்லையா அப்பா?"

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. பிறவியிலிருந்தே அப்படி. ஆனால் இருபத்திரண்டு வயது வரை எனக்கே அது தெரியாது.

நான் பிறந்து வளர்ந்தது சேலம் பொன்னம்மாப்பேட்டையில். அம்மா பூக் கட்டுவார். அப்பா விடிவதற்கு முன்பே சைக்கிளில் பூ மார்க்கெட்டுக்குப் போய்க் கூடையோடு திரும்புவார். சன்னமல்லி, குண்டுமல்லி, முல்லை, காக்கட்டான், சம்பங்கி, பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் அரளி. கனகாம்பரம் மட்டும் விலைக்கு வாங்குவதில்லை. கொல்லையில் இரண்டு பாத்தி இருந்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முன் அதைப் பறித்துத் தருவது எனக்கும் அக்காவுக்கும் வேலை.

அக்கா வாசற்படியில் நின்றபடியே "இன்றைக்கு நிறையப் பூத்திருக்கிறது" என்பாள். எனக்கு அது மந்திரம் போல இருக்கும். அங்கிருந்து பார்த்தால் எனக்குச் செடிதான் தெரியும். ஒவ்வொரு செடியாக அருகில் போய்க் குனிந்து, இலையிலிருந்து பூவை வடிவத்தால் பிரித்தெடுக்க வேண்டும். அவள் தட்டு நிறையும்போது என் தட்டில் கால்வாசி இருக்கும். நான் பறித்து முடித்த பாத்தியில் அவள் மறுபடி இறங்கி இரண்டு கைப்பிடி எடுத்துவருவாள். "கண்ணை எங்கே வைத்துக்கொண்டு பறித்தாய்?" என்று அம்மா கேட்பார். சோம்பேறி என்று பெயர் வந்தது. நானும் அதை நம்பினேன். கவனம் என்ற ஒன்று அக்காவிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை என்றுதான் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கனகம் என்றால் பொன், அம்பரம் என்றால் ஆடை. அந்தப் பூவுக்குப் பெயரே நிறத்தால்தான். மணம் கிடையாது. அதனால்தான் மல்லிகையோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். ஒன்று வாசத்துக்கு, மற்றொன்று நிறத்துக்கு. நிறம் ஒன்றையே சொத்தாக வைத்திருக்கும் பூ, நிறம் தெரியாத பையனிடம் தினமும் காலையில் தோற்றுக்கொண்டிருந்தது என்று இப்போது நினைக்கும்போது அந்தப் பூவின் மேலும் எனக்கு இரக்கம் வருகிறது.

இருபத்திரண்டு வயதில் ஒரு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். புள்ளிகளால் நிறைந்த வட்டங்கள் உள்ள ஒரு புத்தகத்தை விரித்தார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917இல் உருவாக்கிய சோதனை அது. ஒரு பக்கத்தில் என்ன எண் என்று கேட்டார்கள். 21 என்றேன். பக்கத்தில் இருந்தவர் 74 என்றார். நான் குனிந்து பார்த்தேன், தள்ளி வைத்துப் பார்த்தேன், 21தான் இருந்தது. எல்லோருக்கும் 74 ஆகத் தெரிவது எனக்கு 21 ஆகத் தெரியும்படியே அந்தப் பக்கத்தை அமைத்திருக்கிறார்கள். வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் நினைத்தது வேலையை அல்ல, கனகாம்பரப் பாத்தியை. நான் சோம்பேறி இல்லை.

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம் இருந்தாலும் வகை மூன்றுதான். ஒரு வகை நீல ஒளிக்கும், ஒரு வகை பச்சைப் பகுதிக்கும், ஒரு வகை அதைவிட நீண்ட அலைகளுக்கும் அதிகம் அசைந்து கொடுக்கும். இம்மூன்றும் தரும் செய்தியை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மூளை நிறத்தை முடிவு செய்கிறது. எனக்கு நடுவில் உள்ள வகை இல்லை என்று டாக்டர் சொன்னார். ஒப்பிட ஆள் இல்லாததால் கனகாம்பரமும் அதன் இலையும் எனக்கு ஒரே குடும்பத்து நிறமாக, முற்றிய நெல்வயலைப் போலத் தெரிகின்றன. நெல்வயல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆகவே இந்த உவமையும் எனக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

படித்தவற்றில் என்னைக் கட்டிப்போட்டது ஜான் டால்டனின் கதை. அணுக்கொள்கைக்காகப் பள்ளிப் பாடத்தில் வருகிறாரே, அவரேதான். 1792இல் அவர் ஒரு ஜெரேனியம் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு இளஞ்சிவப்பாகத் தெரியும் பூ. அவருக்குப் பகலில் வான நீலமாகவும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிந்தது. இப்படி மாறித் தெரிகிறதே என்று நண்பர்களிடம் கேட்டார். யாருக்கும் மாறவில்லை, அவருடைய சகோதரரைத் தவிர. 1794இல் மான்செஸ்டரில் இதைக் கட்டுரையாக வாசித்தார். நிறக்குருடு பற்றிய முதல் முறையான அறிவியல் கட்டுரை என்று அதைத்தான் சொல்கிறார்கள். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும் என்று நம்பி, இறந்த பிறகு கண்ணை எடுத்துச் சோதிக்கும்படி சொல்லிவைத்தார். 1844இல் அவர் இறந்ததும் சோதித்தார்கள். திரவம் தெளிவாகத்தான் இருந்தது. பத்திரப்படுத்தியிருந்த கண்ணிலிருந்து மரபணுவை எடுத்து 1995இல் ஆராய்ந்தபோதுதான் விடை கிடைத்தது. என்னைப் போலவே அவருக்கும் அந்த நடுவகை இல்லை.

எல்லாம் ஒரு பூவில் தொடங்கியது. தன் கண்ணை நம்புவதா, ஊரார் கண்ணை நம்புவதா என்ற குழப்பத்தில் ஒரு பெரிய விஞ்ஞானியும் ஒரு பூவின் முன்னால் நின்றிருக்கிறார் என்று படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னபோது கட்டிக்கொண்டிருந்த சரத்தை அப்படியே மடியில் வைத்துவிட்டார். வெகு நேரம் கழித்து, "உன் தாத்தாவுக்கும் இப்படித்தான்" என்றார்.

தாத்தா எஸ்டேட்டில் பழம் பறித்தவர். காப்பிச் செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் காயும் பழமும் கலந்திருக்கும். சிவந்த பழத்தை மட்டும் எடுக்க வேண்டும். பச்சைக்காய் கலந்தால் காப்பியின் சுவை கெடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாத்தாவின் மூட்டையை மேஸ்திரி எல்லோர் முன்னாலும் தரையில் கொட்டிக் காட்டினாராம். பாதி காய். அதிலிருந்து அவர் கண்ணை விட்டுவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டார். பழுத்தது கட்டைவிரலுக்கு இளகிக் கொடுக்கும். காய் கல்லைப் போல எதிர்க்கும். அம்மாவுக்கு ஏழெட்டு வயதானதும் விடுமுறை நாட்களில் கூடவே அழைத்துப் போவாராம். மகள் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் "பழம், பழம், காய், பழம்" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். வேறு யாருக்கும் கேட்கக் கூடாது. எதற்காக அப்படிச் சொல்லச் சொன்னார் என்று அம்மாவுக்கு அன்று புரிந்தது.

இந்தக் குறை தாய் தரும் எக்ஸ் குரோமோசோமில் வருவது. தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வரும். இடையில் நிற்கும் மகளுக்கு ஒன்றும் தெரியாது. என் மகளிடமும் அது கட்டாயம் இருக்கும். அவளுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைக்கு வரவும் பாதி வாய்ப்பு உண்டு. இதை விளக்கியபோது அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இப்போதே அவளிடம் சொல்லிவை. பையனைத் திட்டிவிடக் கூடாது."

தொல்காப்பியர் உயிர்களை அறிவால் வரிசைப்படுத்தும்போது முதலில் தொடு உணர்வையும், அடுத்து நாவையும், அதற்கடுத்து மூக்கையும் வைக்கிறார். கண் நான்காவதாகத்தான் வருகிறது. பிறகு செவி, கடைசியில் மனம். பள்ளியில் இதை ஒப்பித்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. இன்று என் வாழ்க்கையை அப்படியே அடுக்கி வைத்தது போல இருக்கிறது.

பூக் கட்டும் வீட்டில் கை முதலில் கற்றுக்கொள்ளும். கூடைக்குள் பார்க்காமல் கையை விட்டாலே எனக்குத் தெரியும். குண்டுமல்லி உருண்டு குட்டையாக இருக்கும். முல்லை மெலிந்து கூராக முடியும். ஜாதிமல்லியின் காம்பு நீளம். சம்பங்கி மெழுகைத் தொட்டது போல வழவழப்பும் கனமும் உள்ளது. கோழிக்கொண்டை வெல்வெட் துணி. அசைத்தால் விதை உதிரும். அரளியைத் தொட்டால் கையில் பால் பிசுபிசுக்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்கார அம்மா விட மாட்டார். அது உடல் முழுவதும் நஞ்சுள்ள செடி, இதயத்தைத் தாக்கக் கூடியது. கனகாம்பரக் கதிர் நான்கு பட்டையாக இருக்கும், ஓரத்தில் மெல்லிய சொரசொரப்பு. பூவோ விரலுக்குக் கனமே இல்லாதது. ஒரு பக்கமாக மட்டும் விரிந்த விசிறி. பத்து வயதுக்குப் பிறகு கதிரைத் தடவியே பறிக்கப் பழகினேன். அதே ஆண்டுகளில் மலையில் தாத்தா தடவித்தான் பழம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

நாக்குக்கும் பூ தெரியும். வேப்பம்பூ ரசம் தெரியாதவர் நம்மிடையே உண்டா? இட்லிப்பூவின் காம்பைப் பிடுங்கி உறிஞ்சினால் ஒரு துளித் தேன் வரும். இட்லிப்பூவும் காப்பியும் ஒரே தாவரக் குடும்பம் என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். இரண்டு பூவையும் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அந்த நீண்ட குழாயிலேயே உறவை ஊகித்துவிடலாம்.

மூக்கைப் பற்றித்தான் எனக்குச் சொல்லித் தீரவில்லை.

காலையில் வரும் மல்லி மொட்டில் பச்சை வாடைதான் இருக்கும், வெண்டைக்காய் நறுக்கியது போல. அம்மா வாழைநாரை நனைத்து, இரண்டு இரண்டு மொட்டாக வைத்து முடிச்சுப் போடுவார். பகல் முழுவதும் ஒன்றும் நடக்காது. மாலையில் இதழ் நெகிழத் தொடங்கும். ஆறு, ஏழு மணிக்குள் வீடு நிறைந்துவிடும். பூ விரியும்போதுதான் மணப்பொருள்கள் காற்றில் கலக்கின்றன. பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் என்று ஒரு கூட்டமே அதில் இருக்கிறது. இண்டோல் அடர்த்தியாக இருந்தால் மல வாடை அடிக்கும். மல்லிகையில் இருக்கும் சிறிய அளவில் அதுதான் மணத்துக்கு ஆழம் தருகிறது. இதைப் படித்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. மல்லிகை மணத்தின் அடியில் உடம்பின் வாடை போன்ற ஏதோ ஒன்று இருப்பதாகச் சிறு வயதிலிருந்தே எனக்குத் தோன்றும்; என் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

தெருவில் விளையாடிவிட்டு உள்ளே நுழைந்தால் மணம் ஆளைத் தள்ளும். "அம்மா, என்ன வாசம்!" என்பேன். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்பார். காலை முதல் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தவருக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். வாசல் வரை போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போவேன். திரும்பி உள்ளே வந்ததும் அவர் முகம் மாறும். நான் சிறு வயதில் அம்மாவுக்குக் கொடுத்த பரிசு என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

கண்ணுக்கு மூன்று வகை உணரிகள் என்றால் மூக்குக்குச் சுமார் 400 வகை. ரிச்சர்ட் ஆக்செலும் லிண்டா பக்கும் 1991இல் இந்த உணரிகளின் பெரிய மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு வந்த ஆறுதலை எப்படிச் சொல்வது! மூன்றில் ஒன்றை இழந்தவனுக்கு நானூறு வாசல்கள் திறந்திருக்கின்றன. இந்த 400ம் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. வயலெட் பூவின் மணத்துக்குக் காரணமான அயனோன் என்ற பொருளைச் சிலரால் நன்றாக உணர முடியும், சிலரால் முடியாது. காரணம் ஒரே ஒரு மணஉணரி மரபணுவில் உள்ள வேறுபாடு. புள்ளிப் புத்தகம் மூக்குக்கு இல்லை என்பதால் யாரும் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். 74 என்று சொன்னவருக்கும் ஏதோ ஒரு பூவில் 21 இருக்கக் கூடும்.

மகளுக்கு அன்று இவ்வளவையும் சொல்லவில்லை. "ஆமாம் கண்ணு, வெள்ளை எனக்கும் வெள்ளைதான்" என்றேன். தாத்தாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் தன்னை ஏமாற்றிய செடி, இரண்டு மூன்று நாள் மட்டும் அவருக்கு எதையும் ஒளிக்காமல் நின்றது. பூத்த நாளில் விடியலுக்கு முன்பே எழுந்து போய், கிளையை வளைத்து முகத்தருகே பிடித்துக்கொண்டு நிற்பாராம். ஒரு பூவைக்கூடப் பறிக்க மாட்டார். பறித்தால் ஒரு பழம் போய்விடும். பூக்களுக்கு நடுவிலேயே வாழும் என் அம்மா, காப்பிப் பூவைத் தலையில் வைத்ததே இல்லை.

தோட்டத்தில் தேனீக்களின் இரைச்சல் பெரிதாக இருந்தது. மகள் பயந்து என் பின்னால் ஒதுங்கினாள். தேனீக்கும் சிவப்பு தெரியாது என்று சொன்னேன். அவளுக்கு அது பெரிய செய்தி. தேனீக்கு நிறம் தெரியும் என்று சோதித்துக் காட்டிய கார்ல் வான் பிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். நாம் காணாத புற ஊதா ஒளியையும் அது காணும். நம் கண்ணின் லென்ஸ் அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. "அப்படியானால் தேனீயிடம் கேட்டால் நமக்கு ரெண்டு பேருக்குமே பூ சரியாகத் தெரியவில்லை என்று சொல்லுமா?" என்றாள். சொல்லும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பொன்னம்மாப்பேட்டை வீட்டுக்கு வந்தோம். கொல்லையில் இப்போது ஒரு பாத்திதான். பூ முடிந்து காய்ந்த கதிர்களில் பழுப்புக் காய்கள் நிற்கும். கனகாம்பரத்தின் காய்ந்த காயில் ஈரம் பட்டால் வெடித்து விதையைத் தூக்கி எறியும். சிறு வயதில் மழைக்குப் பிறகு பாத்தியருகே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அக்காவால் எட்டு அடி தூரத்திலிருந்து பூவை எண்ண முடிந்தது. என்னால் கண்ணை மூடிக்கொண்டு எந்தச் செடி வெடித்தது என்று காட்ட முடிந்தது.

மகள் கதிரை உருவிக் காய்களைக் கொண்டுவந்தாள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டோம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு சின்ன அதிர்வு, விதை டம்ளரின் சுவரில் பட்டு ணங் என்றது. அவள் கையைத் தட்டினாள். அடுத்தது. அடுத்தது.

வாசற்படியில் அம்மா திரும்பிப் பார்க்காமலே சரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வெடித்தது?"

"ஐந்து, அப்பாயி."

"ஏழு போட்டாயே."

நாரைக் கையில் பிடித்தபடியே அம்மா நிறுத்திவிட்டார். மீதி இரண்டுக்காக மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.